மறதிக்கு மூலிகையா, பிரஷருக்கு மாத்திரையா?

வாசகர் கேள்வி – பதில்

உயர் ரத்த அழுத்தத்தால் வரும் மறதிக்கு மூலிகைச் சாறும் சூரணமும் காப்ஸ்யூலும் உதவுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் கணவருக்கு 61 வயது. பன்னிரண்டு வருஷமாக பிரஷர். மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ஆறு மாதமாக வீட்டுக் கணக்கு எழுதத் தடுமாறுகிறார். பழைய கதையெல்லாம் நன்றாகச் சொல்கிறார். ஆனால் எந்த வேலையையும் முடிக்க நேரமாகிறது. இது வயசுக் கோளாறா, பிரஷரா? வல்லாரை காப்ஸ்யூல் வாங்கிக் கொடுக்கலாமா?
– எஸ்.ஆர்., கும்பகோணம்

காப்ஸ்யூல் கிடக்கட்டும், அம்மா. முதலில் ‘நினைத்தால் போடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்ப்போம்.

மூளையின் ஆழப் பகுதிகளுக்கு ரத்தம் கொண்டுபோகிறவை மயிரிழை போன்ற சிறு தமனிகள். பெரிய குழாயிலிருந்து இவை நேராகக் கிளைத்துப் போவதால், பெரிய குழாயின் அழுத்தம் குறையாமல் இவற்றின் சுவரில் மோதுகிறது. வருஷக் கணக்கில் அடி வாங்கிய சுவர் தடித்து விறைக்கும், உள்வழி குறுகும். மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகள் இந்தக் குழாய்களை நம்பித்தான் இருக்கின்றன. ரத்தம் குறைந்தால் முதலில் வாடுவதும் அவைதான். எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது இந்தச் சேதம்.

அதனால்தான் இந்த வகையில் பழைய நினைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் அடிபடுவது வேகமும் திட்டமிடும் திறனும். கணக்கு எழுதுவது, நாலு பண்டத்தை ஒரே நேரத்தில் அடுப்பில் வைத்துச் சமைப்பது, வங்கிப் படிவம் நிரப்புவது என்று பல படி கொண்ட வேலைகளில் தடுமாற்றம் தெரியும். நடை சின்னச் சின்ன அடியாக மாறுவது, சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவது, எதிலும் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவையும் சேரலாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இதற்குப் பொருந்துகின்றன. ஆனாலும் கடிதத்தைப் படித்து முடிவு சொல்ல முடியாது.

சரிசெய்யக்கூடிய வேறு காரணங்களை முதலில் விலக்க வேண்டும். வைட்டமின் பி12, தைராய்டு (டி.எஸ்.எச்.), ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். பிரஷருக்கான நீர் மாத்திரைகள் (குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு) வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிக் குழப்பத்தை உண்டாக்கும். காது மந்தம், உரத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகவே தெரியும். ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல் திடீரென்று வந்தால் மட்டும் இந்தப் பரிசோதனைகளுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பிரஷரைக் குறைத்தால் மறதி நிஜமாகவே தடைப்படுமா? ஆதாரம் உண்டா?
– வி.கே., சேலம்

உண்டு. 1998-ல் ‘லேன்செட்’ இதழில் வந்த சிஸ்ட்-யூர் ஆய்வில் நைட்ரெண்டிபின் மாத்திரை சாப்பிட்ட முதியவர்களுக்கு டிமென்ஷியா (அன்றாட வாழ்வையே குலைக்கும் மறதி நோய்) ஏறக்குறையப் பாதியானது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 7.7 பேர் என்றிருந்தது 3.8 ஆயிற்று. டிமென்ஷியா வந்தவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் அதை மட்டும் நம்பிவிட முடியாது.

அடுத்து அமெரிக்காவின் ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வு, 2019. 9,361 பேரில் ஒரு பாதிக்கு மேல் அழுத்தம் 120-க்குக் கீழ் இலக்கு, மறு பாதிக்கு 140-க்குக் கீழ். டிமென்ஷியாவுக்கு முந்தைய படியான லேசான அறிவாற்றல் குறைவு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 18.3 என்பதிலிருந்து 14.6 ஆகக் குறைந்தது. டிமென்ஷியா 8.6-லிருந்து 7.2 ஆனது. ஆனால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல. இதய நோய் விஷயத்தில் பலன் சீக்கிரமே தெரிந்துவிட்டதால் சிகிச்சைக் கட்டத்தைச் சராசரியாக மூன்றரை வருஷத்துக்குள் நிறுத்தினார்கள். டிமென்ஷியாவுக்கு அந்தக் காலம் போதாது.

2025-ல் வந்த சீனக் கிராம ஆய்வு இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. 326 கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 33,995 பேர். கிராம வைத்தியர்களே மாத்திரையைச் சரிசெய்து 130/80-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். நாலு வருஷத்தில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. எந்த மூலிகைக்கும் இப்படி ஒரு கணக்கு இன்றுவரை இல்லை. கீழே வரும் பதில்களை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வல்லாரையா, நீர்ப்பிரம்மியா, எது நல்லது? எவ்வளவு சாப்பிடலாம்?
– ம.சு., திருநெல்வேலி

இரண்டும் வெவ்வேறு செடிகள். ‘பிராமி’ என்ற பெயரில் கடையில் எது வேண்டுமானாலும் வரும். அதனால் டப்பாவில் தாவரப் பெயரைப் பாருங்கள்: சென்டெல்லா ஏசியாட்டிக்கா என்றிருந்தால் வல்லாரை, பக்கோபா மொன்னியேரி என்றிருந்தால் நீர்ப்பிரம்மி. பெயரே போடாத பொட்டலத்தை விட்டுவிடலாம்.

நீர்ப்பிரம்மிக்கு ஆதாரம் கொஞ்சம் கூடுதல். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு மேற்பட்ட 98 பேரைச் சேர்த்து, தினம் 300 மி.கி. சாறுப்பொடி 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சொற்பட்டியலைக் கேட்டு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் திறன் கூடியது. கூடவே வயிற்றுப் பிரட்டல், வயிற்றுப்பிடிப்பு, அடிக்கடி மலம் போவது ஆகிய தொந்தரவுகளும் வந்தன. கவனிக்க வேண்டியது, அவர்கள் ஆரோக்கியமானவர்கள். பிரஷரால் மூளைக் குழாய் கெட்டவர்களுக்கும் இது உதவும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை.

சாப்பிடுவதாக இருந்தால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் பிரட்டல் கூடும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். ஆய்வுகளில் பலன் தெரிந்ததே 12 வாரத்தில்தான். இன்னொரு முக்கியமான விஷயம் நாடித்துடிப்பு. நீர்ப்பிரம்மி அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் வழியாக வேலை செய்யக்கூடியது, துடிப்பை மெதுவாக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால், டில்டியாசெம், மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் ஆகியவையும் துடிப்பை இறக்குகிறவை. இவற்றோடு சேர்ந்தால் தலைசுற்றி விழ நேரலாம். வீட்டு பிரஷர் மிஷினிலேயே துடிப்பும் வரும். 50-க்குக் கீழே போனால் மூலிகையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

வல்லாரை விஷயத்தில், 11 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு அலசல் வந்தது. அறிவாற்றல் தேர்வுகளில் தெளிவான முன்னேற்றம் இல்லை, சுறுசுறுப்பு மட்டும் கொஞ்சம் கூடியது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது இந்தோனேசிய ஆய்வு ஒன்று. பக்கவாதத்துக்குப் பிறகு அறிவாற்றல் குறைந்த 48 பேருக்கு 750 அல்லது 1,000 மி.கி. வல்லாரைச் சாறு, அல்லது 3 மி.கி. ஃபோலிக் அமிலம், ஆறு வாரம் கொடுத்தார்கள். மூன்று குழுவுமே முன்னேறியது. சற்று நேரம் கழித்து நினைவுகூரும் ஒரு பகுதியில் மட்டும் வல்லாரை முந்தியது. வெற்று மாத்திரைக் குழு இல்லாததால், அந்த முன்னேற்றம் மருந்தாலா, பக்கவாதத்துக்குப் பின் தானாகத் தேறியதா, இரண்டாம் முறை தேர்வு எழுதிய பழக்கத்தாலா என்று பிரிக்க முடியாது.

வல்லாரையைத் துவையலாகவோ கூட்டாகவோ வாரம் இரண்டு நாள் சாப்பிடுவதில் தடையில்லை. துவையலில் போடும் உப்பையும் புளியையும் பாதியாக்குங்கள். செறிவூட்டிய மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அரிதுதான். ஆனால் சிறுநீர் மஞ்சளடித்தால், உடம்பு அரித்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

ஒரு செடியின் சாறு பிரஷர் உள்ள எலிகளின் ஞாபக சக்தியை மீட்டதாகப் பேப்பரில் படித்தேன். அந்த இலை எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. தினம் நாலு இலை மென்று தின்கிறேன். போதுமா?
– ஆர்.பி., பொள்ளாச்சி

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் எலியின் எடையில் கிலோவுக்கு 200 மி.கி. சாறுப்பொடி கொடுப்பது சகஜம். எலி அளவை மனித அளவாக்க 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 32 மி.கி. வருகிறது. 60 கிலோ ஆளுக்குத் தினம் சுமார் 1.9 கிராம். இது சாறுப்பொடிக் கணக்கு, இலைக் கணக்கல்ல. நூறு கிராம் உலர்ந்த இலையிலிருந்து பத்து கிராம் சாறுப்பொடி கிடைக்கும் என்று வைத்தால் 19 கிராம் உலர் இலை வேண்டும். பச்சை இலையில் 85 சதவீதம் தண்ணீர் என்றால் தினம் 130 கிராம் பச்சை இலை. நாலு இலை எந்த மூலைக்கு!

அதற்காக 130 கிராம் தின்றுவிடாதீர்கள். எலி ஆய்வில் ஆல்கஹாலிலோ வேறு கரைப்பானிலோ வடித்திருப்பார்கள். நீங்கள் மெல்லும்போது இறங்கும் சரக்கு அதுவல்ல. எலியும் வேறு. பெரும்பாலும் ஜப்பானின் கியோட்டோவில் 1963-ல் ஒகமோட்டோவும் அயோகியும் உருவாக்கிய, பிறவியிலேயே பிரஷர் ஏறும் எலி வம்சத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த எலி ஒரு தொட்டித் தண்ணீரில் மறைந்திருக்கும் மேடையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ‘ஞாபகம் மீண்டது’ என்று எழுதுவார்கள். இன்னொரு சிக்கல்: அந்தச் சாறு எலியின் பிரஷரையும் இறக்கியிருந்தால், மூளையைக் காப்பாற்றியது சாறா, அழுத்தம் இறங்கியதா? ஒரு சாதாரண பிரஷர் மாத்திரையைப் பக்கத்துக் குழு எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டிருந்தால்தான் தெரியும். அடுத்த முறை செய்தி படிக்கும்போது அந்த ஒப்பீடு இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மகன் ஜிங்கோ பைலோபா மாத்திரை அனுப்பியிருக்கிறான், 120 மி.கி. நான் ஏற்கெனவே குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறேன்.
– ஒரு வாசகர், மதுரை

வேண்டாம். ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கத்தான் குளோபிடோக்ரெல். ஜிங்கோ மரத்தின் இலைச்சாறு அதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அறுவை சிகிச்சை, பல் பிடுங்கல் இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

பலனாவது பெரிதா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேருக்கு இதே 120 மி.கி. தினம் இருவேளை, சராசரி ஆறு வருஷம் கொடுத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் 246 பேருக்கும் ஜிங்கோ குழுவில் 277 பேருக்கும் டிமென்ஷியா. பிரான்சில் 2,800-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தினம் 240 மி.கி. ஐந்து வருஷம் கொடுத்த ஆய்வும் 2012-ல் கையை விரித்தது. மூலிகை உலகில் இவ்வளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட சரக்கு வேறு இல்லை என்றே சொல்லலாம். அதுவே தோற்றிருக்கிறது.

டார்க் சாக்லேட்?
– பெயர் இல்லை, சென்னை-33

ருசிக்குச் சாப்பிடுங்கள். 500 மி.கி. ஃபிளேவனால் (கோக்கோவிலுள்ள தாவரச் சத்து) கொண்ட கோக்கோ சாறுக் காப்ஸ்யூலை 2,262 முதியவர்களுக்கு மூன்று வருஷம் கொடுத்த அமெரிக்க ஆய்வில் அறிவாற்றலுக்குப் பலன் தெரியவில்லை.

சர்ப்பகந்தா பிரஷருக்கும் மூளைக்கும் சேர்த்து நல்லது, இந்தியாவே உலகத்துக்குக் கொடுத்த மருந்து என்கிறார் எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர். உண்மையா?
– தி.ந., நாமக்கல்

முதல் பாதி உண்மை, கடைசிப் பகுதியும் உண்மை. நடுவில் ‘மூளைக்கும்’ என்றதுதான் ஆபத்து.

சென், போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் 1931-லேயே இந்த வேர் பிரஷரைக் குறைப்பதையும், மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதிய கட்டுரைதான் மேல்நாட்டின் கண்ணைத் திறந்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் மருத்துவ விருது கிடைத்தது. பிரஷருக்கு ஒழுங்காக வேலை செய்த முதல் மருந்துகளில் ஒன்று என்ற பெருமை இந்த வேருக்கு உண்டு.

ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். நரம்பு முனைகளில் நோர்அட்ரினலின், டோபமின், செரட்டோனின் ஆகியவற்றைச் சேமித்து வைக்கும் பைகளை ரெசர்பின் காலியாக்கிவிடும். குழாய்களை இறுக்கும் நோர்அட்ரினலின் குறைவதால் அழுத்தம் இறங்கும். அதே காரியம் மூளைக்குள்ளும் நடக்கும். மந்தம், மனச்சோர்வு, கெட்ட கனவு, கை நடுக்கத்தோடு கூடிய பார்க்கின்சன் சாயல் எல்லாம் அதனால் வருபவை. மூக்கடைப்பும் நாடி மெதுவாவதும் கூட உண்டு. ஏற்கெனவே மந்தமாகிவரும் ஒரு முதியவருக்குக் கொடுத்தால் பிரஷர் இறங்கும், ஆள் இன்னும் மந்தமாவார். வீட்டில் ‘மறதி முற்றிவிட்டது’ என்று நினைப்பார்கள். மருந்தை நிறுத்தினாலும் பைகள் நிரம்ப நாளாகும் என்பதால் பாதிப்பு சில வாரம் நீடிக்கும்.

குறைந்த அளவு ரெசர்பினை வேறு மாத்திரையோடு சேர்த்துத் தேர்ந்த மருத்துவர் கொடுப்பது வேறு விஷயம். பொடியாக வாங்கித் தேக்கரண்டியால் அளந்து சாப்பிடுவது கூடாது. வேருக்கு வேர் சரக்கின் அளவு மாறும். மனச்சோர்வு, குடல் புண், பார்க்கின்சன் இருப்பவர்கள் தொடவே கூடாது. நெடுநாளாகச் சாப்பிட்டு வருகிறவர் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி, வேறு மாத்திரை ஏற்பாட்டோடு நிறுத்துவது நல்லது.

ஞாபக சக்திச் சூரணம் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் விடாமல் போடுகிறேன். ஆனாலும் 130-ல் இருந்த பிரஷர் 150 ஆகிவிட்டது. காலும் வீங்குகிறது.
– ஜெ.எம்., யாழ்ப்பாணம்

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதிமதுரம் இருக்கிறதா? இனிப்புக்காகவும் தொண்டைக்காகவும் பல சூரணங்களில் அது சேர்கிறது.

அதிமதுரத்தின் இனிப்பு கிளைசிரைசின் என்ற பொருளால் வருவது. நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யாமல் ஒரு நொதி காவல் காக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கும். உடனே சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. பிரஷர் ஏறுவதும், கால் வீங்குவதும், தசை தளர்வதும், இதயத் துடிப்பு தாறுமாறாவதும் இதன் தொடர்ச்சி. நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது என்பதால் உங்களுக்கு இரட்டை இழப்பு.

தினம் 100 மி.கி. கிளைசிரைசினைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவில் நெடுநாளாகச் சொல்லப்படும் வரம்பு. அந்த அளவிலேயே சிலருக்கு பிரஷர் ஏறுவதுண்டு. வேரில் 2 முதல் 9 சதவீதம் இருக்கும் என்று கொண்டால், 3 கிராம் அதிமதுரத் தூளில் 60 முதல் 270 மி.கி. வரை வரும். ஆக, ஒரு டீஸ்பூன் தூளிலேயே வரம்பு தாண்டலாம். சூரணத்தை இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே பொட்டாசியமும் கிரியாட்டினினும் பாருங்கள். தசை மிகவும் தளர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றே போங்கள். நிறுத்திய பிறகும் பிரஷர் இறங்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பதறி மாத்திரையை ஏற்றிக்கொண்டால் பிறகு ஒரேயடியாக இறங்கிவிடும். அதிமதுரமே இல்லையென்றால் கால் வீக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் பிரஷரை ஏற்றும்.

மஞ்சளோடு மிளகு சேர்த்தால் மூளைக்குப் பலம் என்கிறார்களே?
– க.வ., ஈரோடு

1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமின் 2 கிராமோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்தபோது ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கானது. அங்கிருந்துதான் இந்தப் பேச்சு கிளம்பியது. கூடியது உறிஞ்சப்படும் அளவு, ஞாபகம் அல்ல. ஞாபகத்துக்கு 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று நல்ல பலன் காட்டியது. ஆனால் அதில் 40 பேர்தான். கொடுத்ததும் எளிதில் உறிஞ்சப்படும்படி தயாரித்த குர்குமின் 90 மி.கி., தினம் இருவேளை, 18 மாதம்.

ரசத்தில் போடும் மிளகும் குழம்பில் போடும் மஞ்சளும் பிரச்சினை இல்லை. பைப்பரின் கலந்த காப்ஸ்யூல்தான் பிரச்சினை. அது பிரஷருக்கான ப்ராப்ரனோலால், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவையும் ஏற்றிவிடும். அதிகம் உறிஞ்சப்படும் மஞ்சள் காப்ஸ்யூல்களால் ஈரல் கெட்ட பதிவுகளும் உண்டு.

பிரஷரையாவது நிஜமாகக் குறைக்கும் செடி எது? அளவோடு சொல்லுங்கள்.
– லெ.ரா., காரைக்குடி

மூன்று சொல்லலாம்.

பீட்ரூட்: தினம் 250 மி.லி. சாறு, நாலு வாரம் கொடுத்த லண்டன் ஆய்வில் (2015) மேல் அழுத்தம் 8 அளவுக்கு இறங்கியது. நிறுத்திய இரண்டு வாரத்தில் பழையபடி ஏறியது. வேலை செய்வது அதிலுள்ள நைட்ரேட். நாக்கிலுள்ள பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாக மாற்ற வேண்டும். கிருமிநாசினி மவுத்வாஷ் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியா செத்து, சாறு குடித்த பலன் போய்விடும். வேகவைத்துத் தண்ணீரை வடித்தாலும் நைட்ரேட் தண்ணீரோடு போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு 250 மி.லி. சாறு சர்க்கரையை ஏற்றும். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் உள்ளவர்களுக்கும் ஆகாது. சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம்.

பூண்டு: பிரஷர் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தால் சராசரி 8 அளவு இறக்கம் கிடைக்கிறது. அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது 600 மி.கி.க்கு மேற்பட்ட பூண்டுப்பொடியோ பதப்படுத்திய சாறோதான். முழுப் பல்லைப் பாலில் வேகவைத்தால் பூண்டின் முக்கியச் சரக்கான அல்லிசினை உண்டாக்க வேண்டிய நொதி சூட்டில் கெட்டுவிடும். நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்திருந்து பிறகு சேருங்கள். ரத்தம் கட்டாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் காப்ஸ்யூல் பக்கம் போக வேண்டாம்.

சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டம்: வீட்டு வாசல் செம்பருத்தி அல்ல, சர்பத்துக்குப் போடும் புளிப்பான சிவப்பு மடல். 240 மி.லி. கொதிநீரில் 1.25 கிராம் உலர்ந்த மடல் போட்டு ஆறு நிமிஷம் ஊறவைத்து, தினம் மூன்று கோப்பை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 65 பேருக்கு ஆறு வாரம் கொடுத்தபோது மேல் அழுத்தம் 7.2 இறங்கியது, வெற்றுப் பானக் குழுவில் 1.3. சீனி போட்டால் வேலையில்லை.

ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மாத்திரையின் பலன், அதுவும் சில வாரக் கணக்கில். இவற்றில் எதையும் வருஷக் கணக்கில் கொடுத்து டிமென்ஷியா குறைகிறதா என்று பார்த்ததில்லை. மாத்திரையோடு சேர்த்தால் அழுத்தம் கூடுதலாக இறங்கித் தலைசுற்றலாம், அளந்துகொண்டே சேருங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். அதிலும் அட்டெனோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட எகிறும்.

அம்மாவுக்கு 82. 120-க்கு இறக்க வேண்டுமா? வீட்டில் எப்படிச் சரியாக அளப்பது?
– ப்ரி., கோயம்புத்தூர்

அளப்பது இப்படி: சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரைமணி ஆன பிறகு, முதுகைச் சாய்த்துக் காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரட்டும். கை மேஜை மேல், பட்டி நெஞ்சு மட்டத்தில். ரவிக்கைக் கைக்கு மேல் பட்டி கட்டாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் அளவு பொய்யாகக் கூடும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85 தாண்டினாலே உயர் அழுத்தம்.

82 வயதில் இன்னொரு அளவும் வேண்டும்: எழுந்து நின்ற ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும். மேல் எண் 20-க்கு மேலோ கீழ் எண் 10-க்கு மேலோ இறங்கினால், இலக்கை இறுக்கக் கூடாது. விழுந்து இடுப்பு உடைந்தால் அதுவே பெரிய துன்பம். நன்றாக நடமாடுகிற, தலைசுற்றாத பெரியவருக்கு 130-க்கு அருகில் மெதுவாகக் கொண்டுவரலாம். 120 இலக்கு வைத்த ஸ்பிரின்ட் ஆய்வில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாகவே இருந்தன. அதில் சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவும் இல்லை.

பஸ்பம் கலந்த மூளை டானிக் சாப்பிடலாமா?
– சோ., தஞ்சாவூர்

இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த 2008 ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பஸ்பம்போல உலோகம் சேர்த்துச் செய்பவற்றில் இன்னும் அதிகம். ஈயம் பிரஷரையும் ஏற்றும், புத்தியையும் மழுக்கும். எதற்காகச் சாப்பிடுகிறீர்களோ அந்த இரண்டையுமே கெடுக்கும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் ரத்த ஈய அளவைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு சொன்னாலும் அப்பா நீர்ப்பிரம்மி சாப்பிட்டே தீருவேன் என்கிறார். ஆபத்தில்லாமல் எப்படி?
– செ.அ., கோலாலம்பூர்

பிடிவாதக்காரரிடம் பேரம்தான் பேச வேண்டும். பிரஷர் மாத்திரை ஒரு வேளையும் தவறாது என்பது பேரத்தின் முதல் விதி. தொடங்குவதற்கு முன் ஏழு நாள் பிரஷர் சராசரி, நாடி, எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. நாலைந்து சேர்ந்த கலவை என்றால் தொந்தரவு எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் வாரம் பிரஷரும் நாடியும், எட்டாம் வாரம் எஸ்.ஜி.பி.டி. மறுபடி. ஞாபகத்துக்கு ‘மோகா’ தேர்வு தமிழிலேயே உண்டு. மருத்துவமனையில் தொடக்கத்திலும் 12 வாரம் கழித்தும் எழுதவையுங்கள். இரண்டாம் முறை வேறு வினாத்தாள் கேளுங்கள், இல்லாவிட்டால் பழக்கத்தால் மதிப்பெண் கூடும். 12 வாரத்தில் மதிப்பெண்ணும் அன்றாட வேலையும் மாறவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்று இப்போதே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

பம்பளிமாஸ் தின்னக் கூடாதாமே?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

ஃபெலோடிபின், நிஃபெடிபின் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் தவிர்க்கட்டும். அந்தப் பழமும் கிரேப்ஃப்ரூட்டைப் போலவே மாத்திரையைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுப்பதால் ரத்தத்தில் மருந்து ஏறும். அம்லோடிபினுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஒரு சுளை இரண்டு சுளை தின்னலாம்.